இருபது டிகிரியில் எவ்வளவு?

வரைபடத்தில் 200 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அதற்குப் பக்கத்தில் எழுதாத ஒன்றும் சேர்ந்தே இருக்கிறது: 20 டிகிரி செல்சியஸில். இயந்திர வரைபடங்களில் வேறு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் இதுதான் உலக வழக்கம். ஆனால் அந்த வரைபடம் வந்து சேரும் பட்டறை 20 டிகிரியில் இருக்கவேண்டும் என்று கட்டாயமா என்ன? இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் கோடையான பிப்ரவரி மாதம் தகரக் கூரைக்குக் கீழே 35 டிகிரி சர்வசாதாரணம், அதோடு கடல் ஈரம் வேறு. அதே வரைபடம் ஜொகானஸ்பர்க்குக்குப் போனால், குளிர்காலமான ஜூலை மாதக் காலையில் கதவைத் திறக்கும்போது லேத் மெஷினைத் தொடவே முடியாது, அப்படி ஜில்லென்று இருக்கும். மதியம் வெயில் ஏறிவிடும். ஒரே நாடு, ஒரே வரைபடம், ஒரே இரும்பு. அளவு மட்டும் ஒன்றாக இருக்காது.

எவ்வளவு மாறும் என்பதற்கு மனதில் வைத்துக்கொள்ளச் சில எண்கள் போதும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 11.5 மைக்ரான் நீளும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செம்பு 17, பித்தளை 19, அலுமினியம் 23. துருப்பிடிக்காத எஃகு என்று சமையலறையிலும் பால்பண்ணைகளிலும் பயன்படுகிற 304 வகை செம்பு அளவுக்கே நீளும், அதுவும் எஃகுதானே என்று நினைத்துச் சாதாரண எஃகின் எண்ணைப் போட்டால் கணக்கு உதைக்கும். காரணம் அணுக்களில் இருக்கிறது. சூடு ஏற ஏற அணுக்கள் அதிகமாக அதிர்கின்றன. பக்கத்து அணுவை நெருங்கிப் போவது கடினம், விலகிப் போவது அதைவிடச் சுலபம், ஆகவே சராசரி இடைவெளி கொஞ்சம் கூடிவிடுகிறது. அந்தக் கொஞ்சத்தைக் கோடிக்கணக்கான அணுக்களுக்குப் பெருக்கினால் நம் கண்ணுக்குத் தெரிகிற நீளம்.

இதில் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து வேலை பழக வந்த பையன், நாலைந்து தமிழ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு சமாளிப்பவன், அவனும் அதையேதான் கேட்டான்: "அண்ணா, இரும்பு சூடானா பெருசாகும், சரி. நடுவுல இருக்கிற ஓட்டை சின்னதாகுமா?" ஆகாது. ஓட்டையும் பெரிதாகும். உலோகம் உள்ளே பக்கமும் பருத்து ஓட்டையை அடைக்கும் என்றுதான் மனது சொல்கிறது, ஆனால் வளையத்தை ஓரிடத்தில் வெட்டி நேராக நீட்டிப் போட்டதாக நினைத்துப் பாருங்கள், அது ஒரு பட்டை. சூடேறினால் பட்டை நீளும். நீண்ட பட்டையைத் திரும்ப வளைத்தால் பெரிய வளையம்தானே வரும்? மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்ட நம்மூர்க் கொல்லர்களுக்கு இது பாடமாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லாத விஷயம். இரும்புப் பட்டையை நெருப்பில் போட்டு எடுத்து மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். இன்று பேரிங் மாட்டுவதும் அதே வேலைதான். 100 மி.மீ. துளையுள்ள பேரிங்கை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.09 மி.மீ. அளவுக்கு விரியும், தண்டில் கையால் தள்ளியே ஏற்றிவிடலாம். 120 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. தாண்டினால் கடினப்படுத்திய எஃகின் உள்ளமைப்பு மாறி, ஆறிய பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம். சுத்தியலால் அடித்து ஏற்றுபவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இதுவரை சொன்னது பள்ளிக்கூடப் பாடத்திலும் வரும். பாடத்தில் சொல்லாமல் விட்டுவிடுவது, அளக்கிற கருவியும் உலோகம்தான் என்பதை. அதுவும் நீளும். உண்மையான சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பட்டறை 35 டிகிரியில் இருக்கட்டும். எஃகுத் தண்டு, எஃகு மைக்ரோமீட்டர் (திருகை முறுக்கி நுண்ணிய அளவு பார்க்கிற கருவி), இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே மேஜையில் கிடந்திருக்கின்றன. தண்டு நீண்டிருக்கிறது, மைக்ரோமீட்டரும் அதே விகிதத்தில் நீண்டிருக்கிறது, ஆகவே அது காட்டுகிற எண் 20 டிகிரியில் தண்டின் நீளம் எதுவோ அதுதான். திருத்தமே வேண்டாம். 35 டிகிரி என்பதற்காகக் கணக்குப் போட்டுக் கழித்தால்தான் தப்பாகும். எஃகை எஃகால் அளப்பவர்கள் ஏசி இல்லாத கொட்டகையில் உட்கார்ந்தும் நல்ல வேலை செய்துவிட முடிகிறதே, அதன் ரகசியம் இதுதான்.

அலுமினியம் வந்தால் கதை மாறும். 200 மி.மீ. அலுமினியத் துண்டு ஒன்று மெஷினிலிருந்து இறங்குகிறது, 45 டிகிரி இருக்கும். கையிலிருக்கும் மைக்ரோமீட்டர் 25 டிகிரி. துண்டு 20 டிகிரி அளவைவிட 0.115 மி.மீ. நீண்டிருக்கிறது, மைக்ரோமீட்டர் 0.0115 மட்டும். ஆக, கருவி 0.1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே கூடுதலாகக் காட்டும். மெஷின்காரர் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் சீவிவிட்டு, 200.00 வந்ததும் நிறுத்துவார். மறுநாள் காலை தரப் பரிசோதனையில் அதே துண்டு 199.90. அப்புறம் மைக்ரோமீட்டர் சரியில்லை, மெஷின் சரியில்லை, ஆள் சரியில்லை என்று மூன்று பேர் சண்டை. யாரும் பொய் சொல்லவில்லை, வெப்பநிலையை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். துண்டும் கருவியும் சேர்ந்தே 35 டிகிரிக்கு வந்தபின் அளந்தாலும் சரியாகாது: அலுமினியம் எஃகைப் போல இரு மடங்கு நீள்வதால் இந்த 200 மி.மீ.யில் 0.03 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் மிஞ்சும். இஞ்சின் பாகங்களில் அது சின்ன எண்ணில்லை.

நிலம் அளக்கிற சர்வேயருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. அவர் கையிலிருக்கும் 30 மீட்டர் எஃகு டேப் 20 டிகிரிக்குச் சரிபார்க்கப்பட்டது. வெயிலுக்குப் பேர்போன அப்பிங்டன் ஊர்ப்பக்கம் கோடையில் டேப் 40 டிகிரிக்குப் போனால் 7 மி.மீ. நீளும். ஆனால் தரை அதோடு சேர்ந்து நீளுவதில்லை, வேலிக் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே பிழை முழுவதும் அவர் தலையில். கோடுகள் விலகிப்போன டேப்பால் அளந்தால் நிலம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், 300 மீட்டருக்கு 7 செ.மீ. இங்கே திருத்தம் போட்டே ஆகவேண்டும். அதிலும் வெயிலில் கிடக்கிற டேப்பின் சூடு வானிலை அறிக்கை சொல்கிற காற்றின் சூட்டைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கலாம். திருத்தத்துக்கு வேண்டியது டேப்பின் வெப்பநிலைதான்.

சர்வேயர்கள் இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டிய வரலாறு சென்னையையும் கேப் டவுனையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. 1802இல் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் அடிக்கோடு, அதாவது மற்ற தூரங்களுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோடு, அளந்தார், இந்தியா முழுக்க நீண்ட அந்த மாபெரும் முக்கோண அளவைக்கு அதுதான் தொடக்கம். 100 அடி எஃகுச் சங்கிலி. வெயில் படாமல் மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, படித்துப் படித்துத் திருத்தம் போட்டார்கள். ஏப்ரல், மே மாதச் சென்னை வெயிலில்! சங்கிலியின் சூட்டைப் பத்து டிகிரி தப்பாக எடுத்திருந்தால் மொத்தக் கோட்டில் 1.4 மீட்டர் போயிருக்கும், அதன்மேல் கட்டிய முக்கோணம் எல்லாம் அதே விகிதத்தில் பிசகியிருக்கும்.

பிறகு 1820களில் தாமஸ் கோல்பி என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், திருத்தமே தேவைப்படாத அளவுகோல் ஒன்றைச் செய்தார். பத்தடி நீளத்தில் ஒரு பித்தளைச் சட்டம், ஒரு இரும்புச் சட்டம், பக்கத்தில் பக்கத்தில், நடுவில் சேர்த்து இறுக்கியது. இரண்டு முனைகளிலும் இரண்டு சட்டங்களையும் இணைக்கிற சிறிய குறுக்கு நாக்கு. சூடேறினால் பித்தளை ஐந்து பங்கு நீளும்போது இரும்பு மூன்று பங்குதான் நீளும், நாக்கு சாயும். அந்த நாக்கை இரும்புப் பக்கம் தாண்டி வெளியே நீட்டி, தூரங்களின் விகிதம் அதே ஐந்துக்கு மூன்றாக வருகிற இடத்தில் ஒரு புள்ளி குத்தினால், சாய்வும் நீட்சியும் ஒன்றையொன்று சரிக்கட்டி அந்தப் புள்ளி நகராமல் நிற்கும். இரு முனைப் புள்ளிகளுக்கும் இடையே எப்போதும் பத்தடி. அயர்லாந்தில் முதலில் பயன்படுத்தினார்கள். லாம்டனுக்குப் பிறகு இந்திய அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் கல்கத்தாவில் 1831-32இல் இதை வைத்து அடிக்கோடு அளந்தார். 1840-41இல் கேப் டவுனின் அரசு வானியலாளர் தாமஸ் மக்லியர் இதே வகைச் சட்டங்களைக் கொண்டு கேப் டவுனுக்கு வடக்கே ஸ்வார்ட்லாந்து சமவெளியில் அளந்தார். மக்லியருக்கு வேலை வந்த காரணம் வேறு: 1752இல் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் அங்கே எடுத்த அளவு, பூமியின் தென்பாதியின் வடிவம் வடபாதியைப்போல இல்லை என்று சொன்னது. அதற்குக் குற்றவாளி வெப்பம் இல்லை, செங்குத்தைக் காட்டுகிற தூக்குக்குண்டை மலைகள் தம் பக்கம் இழுத்ததுதான். எவரெஸ்ட் கேப் டவுன் பக்கம் வந்திருந்தபோதே அப்படித்தான் சந்தேகப்பட்டார். எப்படியிருந்தாலும் திரும்ப அளக்கிறவர் வெப்பத்தின் மேல் பழி விழாதபடி அளக்கவேண்டும் அல்லவா?

கோல்பியின் யோசனையில் ஓர் ஓட்டை இருந்தது, அது எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு சட்டங்களும் ஒரே வெப்பநிலையில் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். காலையில் வெயில் ஏறும்போது பித்தளை ஒரு வேகத்திலும் இரும்பு ஒரு வேகத்திலும் சூடேறினால், நடுவில் கொஞ்ச நேரம் புள்ளி நகர்ந்துதான் தீரும். இரண்டும் ஒரே வேகத்தில் சூடேறும்படி மேற்பூச்சுகளை மாற்றி மாற்றிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு பொருளின் வெப்பநிலை என்று நாம் ஒரே எண்ணாகச் சொல்கிறோம். சூடேறிக்கொண்டிருக்கும் பொருளுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. ஜன்னல் வெயில் மேலே விழுகிற மெஷின் படுகை நீளுவதோடு நிற்காது, வளையவும் செய்யும். நீட்சியைக் கணக்கில் கழித்துவிடலாம். வளைவைக் கழிப்பது பெரும்பாடு.

1896இல் சார்ல்ஸ் எதுவார்ட் கியோம் இன்வார் என்ற கலவையைக் கண்டுபிடித்ததும் பாதித் தலைவலி போயிற்று. 36 சதவீதம் நிக்கல், மீதி இரும்பு. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரான் சொச்சம்தான் நீளும். 1920இல் இதற்காக அவருக்கு இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. சர்வேயர்கள் இன்வார் கம்பிக்கு மாறினார்கள். ஏதோ ஆய்வகப் பொருள் என்று நினைக்கவேண்டாம், இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கூரைக்குக் கீழே படுத்திருக்கிற கீஸரில், பழைய கம்பி வகை தெர்மோஸ்டாட் இருந்தால், உள்ளே பித்தளைக் குழாயும் அதற்குள் ஓர் இன்வார் கம்பியும் இருக்கும். தண்ணீர் சூடேற, குழாய் நீளும், கம்பி நீளாது. 25 செ.மீ. நீளத்தில் 40 டிகிரிக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.18 மி.மீ. அந்த இத்தனூண்டு நகர்வுதான் சுவிட்சைத் தட்டி மின்சாரத்தை நிறுத்துகிறது.

இந்த 20 டிகிரி எங்கிருந்து வந்தது? அதுவும் ஒரு பஞ்சாயத்துதான். 1889இன் பிளாட்டினம்-இரிடியம் மீட்டர் சட்டம் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில், அதாவது 0 டிகிரியில்தான் ஒரு மீட்டர். பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் கஜத்தை 62 ஃபாரன்ஹீட்டில், நம் கணக்கில் 16.7 டிகிரியில் வைத்திருந்தார்கள். 0 டிகிரி, ஆய்வகத்தில் பனிக்கட்டி வைத்து எளிதாக உண்டாக்கலாம், ஆனால் யாரும் அந்தக் குளிரில் நின்று வேலை செய்வதில்லை. 1931இல் எடைகள் அளவைகளுக்கான சர்வதேசக் குழு தொழிற்சாலை அளவுகளுக்கு 20 என்று முடிவு செய்தது; 1951இல் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு வெளியிட்ட முதலாவது தரநிர்ணயமே இந்த 20 டிகிரி பற்றியதுதான். 1983 முதல் மீட்டர் என்பது ஒளி வெற்றிடத்தில் நொடியின் 299792458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கிற தூரம், அதற்கு வெப்பநிலையே கிடையாது. அளக்கப்படுகிற இரும்புக்கு இருக்கிறதே!

சரி, நீளவே விடாமல் பிடித்துக் கட்டினால் என்ன ஆகும்? சிஷென் சுரங்கத்திலிருந்து சல்டான்யா துறைமுகம் வரை இரும்புத் தாது கொண்டுபோகும் ரயில்பாதை 861 கிலோமீட்டர், பெரும்பகுதி பொட்டல் காடு. இரவுக்கும் பகலுக்கும் தண்டவாளத்தில் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், தடையில்லாமல் நீளவிட்டால் மொத்தத்தில் கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளவேண்டும். பற்றவைத்துத் தொடராக இறுக்கிய தண்டவாளம் நீளாது. நீளாத நீளம் விசையாக மாறும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 30 டிகிரிக்கு அந்த விசை சுமார் 55 டன், ஒற்றைத் தண்டவாளத்துக்கு மட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால் பாதை நூறு மீட்டரானாலும் எண்ணூறு கிலோமீட்டரானாலும் அதே 55 டன்தான், விசைக்கு நீளத்தோடு சம்பந்தமில்லை. ஜல்லியும் சிலீப்பரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிடி தளர்ந்தால் தண்டவாளம் பக்கவாட்டில் நெளிந்துவிடும். அதனால்தான் தண்டவாளத்தைப் பற்றவைத்து இறுக்கும்போது, கோடைக்கும் குளிருக்கும் நடுவிலான ஒரு வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்து அந்த நிலையில் விசை பூஜ்யமாக இருக்கும்படி பூட்டுகிறார்கள்.

உயர்மின் கம்பிகளில் எதிர்ப்பக்கத் தொல்லை, அவற்றை இறுக்கமாகக் கட்டவே முடியாது. 400 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோபுரங்கள், நடுவில் 10 மீட்டர் தொய்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தொய்வுக்கு நேர்கோட்டைவிடக் கம்பி 67 செ.மீ.தான் கூடுதல் நீளம், நம்பக் கஷ்டமாக இருக்கும். எஃகு உள்கம்பியுள்ள அலுமினியக் கம்பி 40 டிகிரி சூடேறினால் இன்னும் 30 செ.மீ. நீளும், தொய்வு 12 மீட்டராகிவிடும். இழுவிசை குறைவதால் கம்பி கொஞ்சம் சுருங்கி இதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் என்றாலும், 30 செ.மீ. நீட்சி மீட்டர் கணக்கில் கீழே இறங்குகிறது என்பது மாறாது. மின்சாரம் அதிகமாகப் பாய்ந்தாலே கம்பி சூடாகும் என்பதால், ஒரு பாதையில் எவ்வளவு மின்சாரம் அனுப்பலாம் என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது தரைக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள இந்த உயரம்தான்.

கரூ பாலைவெளியில் சதர்லாந்து ஊருக்கு வெளியே நிற்கிற சால்ட் தொலைநோக்கி இதே விஷயத்தின் மிக நுணுக்கமான எல்லை. 2005இல் திறந்தது, 91 அறுகோணக் கண்ணாடிகள் சேர்ந்து ஒரே ஆடியாக வேலை செய்யவேண்டும். கண்ணாடிகளைச் சூட்டுக்கு அசையாத சிட்டால் என்ற வகையில் செய்துவிட்டார்கள், ஆனால் அவற்றைத் தாங்குகிற சட்டகம் உலோகம். மாலையில் மிதமாக இருந்து நள்ளிரவில் உறைநிலைக்குக் கீழே போகிற ஊரில் சட்டகம் ராத்திரி முழுக்கச் சுருங்கிக்கொண்டே இருக்கும், கண்ணாடிகளின் வரிசை கலையும். விளிம்புகளில் உணரிகளை வைத்து ஒவ்வொரு கண்ணாடியையும் நுண்ணிய அளவில் தள்ளித் தள்ளிச் சரிசெய்கிறார்கள்.

திரும்பப் பட்டறைக்கு வருவோம். கருவியில் இல்லாத சூடு கையில் இருக்கிறது. கருவிகளைச் சரிபார்க்க வைத்திருக்கிற 100 மி.மீ. எஃகுக் கட்டியை, அதாவது கேஜ் பிளாக்கை, உள்ளங்கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் மூன்று டிகிரி ஏறுவது சாதாரணம், 3.5 மைக்ரான் போயிற்று. மைக்ரோமீட்டர் சட்டத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பது அழகுக்காக அல்ல. அளக்கவேண்டிய துண்டையும் கருவியையும் ஒரே இரும்புத் தட்டிலோ கிரானைட் மேஜையிலோ பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். கனமான துண்டென்றால் மறுநாள் காலைதான்.

எல்லாம் சரி, வெப்பநிலையைச் சரியாக அளந்து கணக்குப் போட்டே திருத்திவிடலாமே, எதற்காக அளவை ஆய்வகங்கள் இவ்வளவு செலவு செய்து அறையை 20 டிகிரியில் வைக்கின்றன என்று கேட்கலாம். அந்த 11.5 என்ற எண்தான் காரணம். எஃகு என்றால் எந்த எஃகு, எப்படிக் கடினப்படுத்தியது என்பதைப் பொறுத்து அது பத்தரையாகவும் இருக்கலாம், பன்னிரண்டரையாகவும் இருக்கலாம். 35 டிகிரியில் ஒரு மீட்டர் துண்டை அளந்து திருத்தம் போட்டால், வெப்பமானி துளியும் பிசகாவிட்டாலும் இந்த ஒரு சந்தேகத்தாலேயே 15 மைக்ரான் இப்படியோ அப்படியோ போகும். 21 டிகிரியில் அளந்தால் அதே சந்தேகம் ஒரு மைக்ரான்தான். 20 டிகிரியிலேயே அளந்தால் அந்த எண் தெரியவே வேண்டாம்.